கழுத்துல தொங்கற கார்டு

ஏனுங்க, அந்தப் பையச் சித்த அக்கட்டால நகத்தி வெச்சீங்கன்னா நானும் உக்காந்துக்குவேன். ஆங், போதுமுங்க. நீங்களும் வடக்கத்தி வண்டிக்குத்தானா? லேட்டாமுங்க. அந்தப் புள்ள மைக்குல சொல்லிக்கிட்டே இருக்குது, வருந்துகிறோம் வருந்துகிறோம்னு. வருந்தி என்னங்க பண்றது, வண்டிய ஓட்டச் சொல்லுங்க.

என்ன, கழுத்தையே பாக்கறீங்க? ஆதார் கார்டுதானுங்க. என்ற கார்டுதான். பேரு சென்னியப்பன். போட்டாவுல இருக்கறதும் நாந்தான், சித்த கருப்பா விழுந்திருக்குது, அவ்வளவுதான். சிரிக்கோணும்னா சிரிச்சுக்குங்க. என்ற ஊட்டுக்காரியே சிரிக்கறா. பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளையாட்ட இதென்ன வேசம்ங்கறா. குளிக்கறப்ப மட்டுந்தான் கழட்டறது. எனக்கு வந்தது இன்னொருத்தருக்கு வரக்கூடாதுங்க. நான் வளத்த ஒருத்தன், என்ற ஊட்டுச் சோத்தத் தின்ன ஒருத்தன், நட்ட நடுப் பாலத்துல, போலீஸ்காரன் முன்னாடி வெச்சு என்னைய யாருன்னே தெரியாத மாதிரி சொல்லிப்புட்டானுங்க. பெத்த பையன் சொல்லியிருந்தாக்கூட இத்தன வெசனம் இருந்திருக்காது.

சொல்றேன், சொல்றேன். வண்டி வர்ற வரைக்கும் நமக்கு என்ன சோலி?

நமக்குத் தறிப் பொழப்புங்க. விசைத்தறி. ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துலயே பட்டறை, அதுக்கு ஒட்டுனாப்புல ஊடு. எங்கூர்ல ராத்திரி பகல்னு இல்ல, தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். வெளியூர்க்காரன் வந்தான்னா தூங்க மாட்டான். எங்களுக்குச் சத்தம் நின்னாத்தான் முழிப்பு வரும். முன்னயெல்லாம் உள்ளூர்ப் பசங்களே தறி ஓட்டுனாங்க. இப்ப எவன் வர்றான்? எல்லாம் காலேஜு, கம்பெனி. அதனால ஒடிசா ஆளுங்க. ஏஜெண்டு ஒருத்தன் கூட்டியாந்து உடுவான். அப்படி வந்தவந்தான் லோசன். முழுப் பேரு திரிலோசனாம், நம்ம வாய்க்கு லோசன்.

வந்தப்ப அவன நீங்க பாக்கோணுமே. நெடுக்க ஓடற பாவு நூலு எது, குறுக்க ஓடற ஊடை நூலு எதுன்னு தெரியாது. ஊடை நூலச் சொமந்துக்கிட்டுத் தறியில நாடா அங்கயும் இங்கயும் பறக்கறதப் பாத்தாலே ரெண்டடி பின்னால போவான். நாந்தானுங்க கையப் புடிச்சுச் சொல்லிக் குடுத்தேன். இது பாவுடா, இது ஊடைடா, இது நாடாடா. தமிழும் நாஞ்சொல்லிக் குடுத்ததுதான். அவன் ஒவ்வொரு வார்த்தையும் என்ற வாயையே பாத்துப் பாத்துப் புடிச்சுக்குவான். அப்பறம் பாத்தீங்கன்னா அறுந்த நூலக் கண்ண மூடிக்கிட்டு முடிவான். அடேயப்பா, அப்படி ஒரு கை.

நல்லாத்தான் வெச்சிருந்தேன். தீவாளிக்குச் சட்ட எடுத்தா என்ற பையனுக்கு எடுக்கற அதே கடையிலதான் அவனுக்கும். சித்த வெல கம்மியா இருக்கும், அது வேற. நோம்பி நொடின்னா எங்க ஊட்டு வாசல்லயே எல போட்டுச் சோறு. உள்ள இல்லீங்க, வாசல்ல. காத்தாட உக்காந்து தின்னட்டும்னுதான்.

கார்டு வெவகாரத்துக்கு வர்றேன். ஆளு வந்து எறங்குன ஒடனே அவிங்க ஆதார் கார்ட வாங்கி ஊட்டுல வெச்சுக்கறது எங்கூரு வழக்கமுங்க. நான் மட்டும் பண்றேன்னு நெனச்சுக்காதீங்க. இல்லீன்னா வேல பழகுனதும் அடுத்த பட்டறைக்காரன் கூப்புட்டான்னு போயிருவான், இல்லீன்னா ஊருக்கு ஓடிருவான். அத அப்படிச் சொல்ல மாட்டோம். நீ தொலச்சுப்புடுவடா, பத்தரமா இருக்கட்டும்னு சொல்லி வாங்கிக்குவோம். பாதி நெசமுந்தானுங்க அது. லோசன் கார்டு, அவங்கூட இருந்த ரெண்டு பேரு கார்டு, எல்லாம் ஒட்டுக்கா ரப்பர் பேண்டு போட்டு ஒரு பிஸ்கட் டப்பாவுல, பீரோவுக்குள்ள. என்ற கார்டும் அதுலயேதான். நமக்கும் ஞாபகமறதி பாருங்க, ஒரே எடத்துல கெடந்தாத் தேட வேண்டியதில்ல.

ஞாயித்துக்கெழம ஆனாப் போதும், தலையச் சொறிஞ்சுக்கிட்டு வந்து நிப்பான். "அண்ணா, கார்டு குடுங்கண்ணா. சந்தைக்குப் போறேன். பாலத்துல போலீஸ் கேக்கறாங்கண்ணா." நான் சிரிச்சிருவேன். "அட மடையா, மனுசன் நடந்து போறதுக்குக் கார்டு வேணுமா? அப்படி ஒரு சட்டமே கெடையாதுடா. பேரக் கேட்டாப் பேரச் சொல்லு, ஊரக் கேட்டா ஊரச் சொல்லு. அதுக்கு மேல கேட்டா என்ற பேரச் சொல்லு. சென்னியப்பன் ஆளுன்னு சொன்னா எவன் கை வெக்கறான்னு பாத்துக்கறேன்."

இத நானா அளந்து உடலீங்க. எங்க பங்காளி ஒருத்தரு வக்கீலு. ஒரு கண்ணாலத்துல பந்தியில பக்கத்துல உக்காந்தப்பச் சொன்னாரு. வண்டி ஓட்டுனா லைசென்ஸ் கேப்பான், அது வேற கத. சும்மா நடந்து போறவன் கார்டோடதான் போகோணும்னு எங்கயும் எழுதி வெக்கலைன்னாரு. அது அப்படியே என்ற மனசுல பதிஞ்சு போச்சு. நம்ம நாட்டுல நம்ம நடக்கறதுக்கு எவங்கிட்டங்க சீட்டுக் காட்டோணும்? நீங்களே சொல்லுங்க.

ஊருக்குப் போகோணும்னும் அப்பப்பக் கேப்பான். பொண்ணு பொறந்திருக்குதாம், போன்லதான் பாத்திருக்கான். தீவாளி போகட்டும்டான்னேன். அப்பறம் பொங்கல் போகட்டும்டான்னேன். கையில ஆர்டர வெச்சுக்கிட்டுத் தறிய நிறுத்த முடியுமுங்களா? கொழந்த எங்க போகப் போகுது, அங்கதான இருக்கப் போகுது.

நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அதுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்ல. இருந்தாலும் சொல்லிடறேன், பின்னால வேற எவனாச்சும் சொல்லி நீங்க என்னையத் தப்பா நெனச்சறக் கூடாது. எங்க பக்கத்துப் பட்டறைகள்ல மோட்டாரு காணாமப் போச்சுங்க. வடக்கத்தி ஆளுங்க கைவரிசைன்னு ஊருக்குள்ள பேச்சு. ஒரு நாளு வெடியால பட்டறை வாசல்ல போலீஸ் ஜீப்பு வந்து நின்னுச்சு. எட்டிப் பாத்தா பின்னால லோசன் உக்காந்திருக்கான். சட்ட கிழிஞ்சு கெடக்குது. ஏட்டு எறங்கி வந்து கேக்கறாரு: "இவங்கிட்ட ஒரு கார்டும் இல்ல. கேட்டா உங்க பேரையே சொல்றான். உங்க ஆளுங்களா?"

நான் என்னங்க பண்றது? ஆமாம்னு சொன்னா, கார்டு எங்கம்பாங்க. கார்டு என்ற பீரோவுலன்னு சொன்னா, நீ ஏய்யா புடிச்சு வெச்சிருக்கேம்பாங்க. அதுக்கப்பறம் லேபர் ஆபீசு, அங்க போ, இங்க வான்னு அக்கப்போரு ஆரம்பிச்சிரும். நாலு தறி வெச்சிருக்கறவன் இதுக்கெல்லாம் எங்க போறது? அதனால தறிப் பக்கம் திரும்பி, நூலப் பாத்துக்கிட்டே, "நம்ம ஆளு இல்லீங் சார்"னேன். அவ்வளவுதானுங்க. ஒரே வார்த்த. ஜீப்பு போயிருச்சு.

கொஞ்ச நாளு வெச்சிருந்தாங்க. அப்பறம் வேற எவனோ மாட்டுனதும் இவன உட்டுட்டாங்க. காலத் தாங்கித் தாங்கி நடந்து வந்தான். நான் ஒண்ணுமே கேக்கலீங்க. மொத வேலையாப் பிரியாணி வாங்கியாரச் சொன்னேன். தின்னான். அன்னிக்குச் சாங்காலமே தறியில நின்னான். ஏண்ணா இப்படிச் சொன்னீங்கன்னு ஒரு வார்த்த கேட்டானா? இல்லையே! அப்ப மனசுல ஒண்ணுமில்லீன்னுதான அர்த்தம்? அதுக்கப்பறம் கார்டு குடுன்னு கேக்கறதே இல்ல. ஊருக்குப் போகோணும்னும் கேக்கறதில்ல. பையன் பக்குவப்பட்டுட்டான் சரசுன்னு ஊட்டுக்காரிகிட்டச் சொல்லிச் சந்தோசப்பட்டேன். அவ என்னைய ஒரு பார்வ பாத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவ எப்பவும் அப்படித்தான்.

அட, அது வேற வண்டிங்க. சரக்கு வண்டி. உக்காருங்க.

நமக்குச் சக்கர வியாதி. டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காரு. தெனம் வெடியால அந்தப் பாலத்து மேலதான் நடப்பேன். லுங்கி, பனியன், தோள்ல ஒரு துண்டு. போனு ஊட்டுல சார்ஜ்ல கெடக்கும். அன்னிக்குப் போனாப் பாலம் பூரா போலீசு. எந்த ஊர்லயோ நகைக்கடையில கைவெச்சுட்டு ஒருத்தன் இந்தப் பக்கம் வந்துட்டானாம். போறவன் வர்றவன எல்லாம் நிறுத்திக் கேக்கறாங்க. எஸ்.ஐ. புதுசு. சின்ன வயசு. தெக்கத்திப் பேச்சு.

"பெரியவரே, கார்ட எடும்."

எடுத்த எடுப்புலயே கார்டு! பேரக் கேக்கல, ஊரக் கேக்கல. எனக்குச் சுருக்குனு ஏறிக்கிச்சு.

"கார்டு எதுக்குங்க? பேரு சென்னியப்பன். அதா தெரியுது பாருங்க தகரக் கூர, அதான் என்ற பட்டறை."

"அத நீரு சொல்லுதீரு. கார்டுல்லா சொல்லணும்?"

"ஏனுங்க, இந்த நாட்டுக் குடிமகன் கார்ட வெச்சுக்கிட்டுத்தான் நடக்கோணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது? அதக் காட்டுங்க, நான் கார்டக் காட்டறேன்."

சத்தமாத்தான் கேட்டேன். பயந்து பேச நான் என்ன திருடனா? போறவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க. நாலு பேரு செல்போன வேற தூக்கிப் படம் புடிக்கறாங்க. அந்தாளுக்கு மூஞ்சி செவந்து போச்சு. ஆனாக் கெட்டிக்காரன். லத்தியக் கக்கத்துல சொருகிக்கிட்டுச் சொன்னான்: "சரி, சட்டத்துல இல்லைன்னே வச்சுக்கிடுவோம். நீரு இன்னாருதான்னு சொல்லுததுக்கு ஒரு ஆளு உண்டுமா? ஒரே ஒரு ஆளக் காட்டும். வுட்டுருதேன்."

அது நாயமான பேச்சுதானுங்க. நான் தப்புச் சொல்ல மாட்டேன். பொறந்து வளந்த ஊர்ல ஒரு ஆளா கெடைக்காது? ஆனா அந்த நேரம் பாத்து, கெரகம், தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு ஆம்படல. எல்லாம் அக்கரைக்கு வேலைக்குப் போற சனம். போன் பண்ணலாம்னா எவன் நம்பருங்க ஞாபகத்துல இருக்குது? எல்லாம் போனுக்குள்ளதான இருக்குது. திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்கறேன். அப்பத்தான் பாருங்க, பாலத்தோட அந்தத் தலையில இருந்து லோசன் வர்றான். என்ற சைக்கிள்ல, என்ற தூக்குப்போசியில பட்டறைக்கு டீ வாங்கிக்கிட்டு.

வயிறு குளுந்து போச்சுங்க எனக்கு. "அதா வர்றான் பாருங்க என்ற ஆளு! லோசா! ஏ லோசா! இங்க வாடா!"

வந்து காலூனி நின்னான். ஒரு கான்ஸ்டபிளு அவன அடையாளம் கண்டுக்கிட்டாரு. "சார், இவன் அந்த மோட்டார்க் கேசுல சந்தேகத்துல கொண்டாந்த பையன். அவனில்லைன்னு உட்டுட்டோம்"ங்கறாரு. பாத்துக்குங்க கூத்த! ஒடிசாக்காரன ஸ்டேஷன்ல தெரிஞ்சிருக்குது, என்னையத் தெரியல.

எஸ்.ஐ. கேட்டான்: "ஏல, இவரு யாருன்னு தெரியுமா? உங்க மொதலாளியா?"

லோசன் என்னையப் பாத்தான். நல்லாப் பாத்தானுங்க, கண்ணுக்குக் கண்ணு. நான் சிரிச்சேன். சொல்றா, சொல்றான்னு தலைய ஆட்டுனேன். அவன் மூஞ்சியத் திருப்பி ஆத்துத் தண்ணியப் பாத்துக்கிட்டே சொன்னான்.

"நம்ம ஆளு இல்லீங் சார்."

எனக்குக் காதடைச்சுப் போச்சுங்க. டேய், டேய்னு கத்துறேன். அவன் சைக்கிள மிதிச்சுக்கிட்டுப் போயிட்டான். சுத்தி நின்னவன் எல்லாம் கெக்கேபிக்கேன்னு சிரிக்கறான். பட்டறைக்கு வாங்க, காட்டறேன்னு கெஞ்சினேன். "சட்டம் பேசுனீருல்லா, ஸ்டேஷன்ல வந்து பேசும்"னு சொல்லி ஜீப்புல ஏத்திட்டாங்க. அதே ஜீப்பு. அதே பின்னாடி சீட்டு.

அன்னிக்குப் பட்டறைக்கு வந்த அந்த ஏட்டும் லீவாம். ஸ்டேஷன்ல பெஞ்சுல உக்கார உடலீங்க. செவுத்தோரமாக் கீழ. பக்கத்துல ஒருத்தன் ராத்திரி குடிச்சது எறங்காமக் கெடக்கறான். பனியனோட, லுங்கியோட நான். வர்றவன் போறவன் எல்லாம் என்ன கேசுங்கற மாதிரி பாத்துட்டுப் போறான். ரைட்டருகிட்ட நாலஞ்சு தடவ சொன்னேன், நான் சென்னியப்பன், தறிப்பட்டறை சென்னியப்பன்னு. இருய்யா இருய்யாங்கறாரு, தலைய நிமித்தல. ஒரு நேரத்துக்கு மேல என்ற பேரச் சொல்றதுக்கே எனக்குக் கூச்சமாப் போச்சுங்க. யாரையோ பத்திப் பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு. அந்த நெலம பகையாளிக்கும் வரக் கூடாது.

அப்பறம் என்னாச்சுன்னா, லோசன் வந்தானுங்க. ஆமா, அவனேதான். நேரா ரைட்டரு மேசைக்குப் போனான். என்ற கார்ட வெச்சான். கையால என்னையக் காட்டுனான். அப்படியே திரும்பிப் போயிட்டான். என்ற பக்கம் ஒரு பார்வ பாக்கலீங்க. கார்டப் பாத்தாங்க, என்ற மூஞ்சியப் பாத்தாங்க, போகச் சொல்லிட்டாங்க. "பெரியவரே, இனிமே கையில வச்சுக்கிடும், என்னா?"ன்னான் எஸ்.ஐ.

ஊட்டுக்கு நடந்து வர்றேன். வர்ற வழியில என்ற கோவமெல்லாம் எறங்கிப் போச்சுங்க. பாவம், போலீசப் பாத்து மெரண்டுட்டான், அப்பறம் மனசு கேக்காம ஓடியாந்திருக்கான்னு நெனச்சேன். ரெண்டு அறை உட்டுட்டு மன்னிச்சறலாம்னுதான் இருந்தேன். சத்தியமாச் சொல்றேன்.

பட்டறை கிட்ட வந்தா என்னமோ மாதிரி இருக்குது. என்னன்னு பிடிபடல. அப்பறந்தான் ஒறைக்குது. சத்தமே இல்ல. நாலு தறியும் நின்னு கெடக்குது. கோவத்துல நூல அறுத்து எறிஞ்சுட்டுப் போயிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்குமுங்க. ஒரு நூலு அறுக்கல. தூக்குப்போசியக் கழுவிக் கவுத்தி வெச்சிருக்குது. சைக்கிளு ஸ்டாண்டு போட்டு நிக்குது. மூணு பேரும் இல்ல.

சரசு வாசல்ல நிக்கறா. லோசன் மூச்சு வாங்க ஓடியாந்தானாம். "அக்கா, அண்ணாவப் போலீஸ் புடிச்சுட்டாங்க, கார்டு கேக்கறாங்க"ன்னானாம். இவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கண்ணாடி இல்லாம எது யாரு கார்டுன்னு தெரியல. டப்பாவையே தூக்கிக் குடுத்துட்டா. டப்பா வாசப்படியில கெடக்குது, உள்ள ரப்பர் பேண்டு மட்டும்.

 இவ என்ன சொல்றா தெரியுங்களா? "நெனச்சிருந்தா உங்க கார்ட ஆத்துல வீசிட்டுப் போயிருக்கலாமுங்க. கொண்டாந்து குடுத்துட்டுத்தான போயிருக்கான்." பாருங்க! கட்டுனவளும் அவன் பக்கம்.

உடுவனா? அன்னிக்கே போலீசுக்குப் போனேன், இப்ப கார்டோட. கம்ப்ளெய்ண்டு எழுதிக்குங்க, என்ற ஊட்டு டப்பாவுல இருந்து எடுத்துட்டு ஓடிட்டாங்கன்னேன். என்னத்த எடுத்துட்டு ஓடுனாங்கன்னு எஸ்.ஐ. கேட்டான். அவிங்க கார்டன்னேன். யாரு கார்டன்னான். அவிங்க கார்டத்தானுங்கன்னேன். சிரிச்சான் பாருங்க, அந்தச் சிரிப்பு இன்னும் காதுலயே இருக்குது. தண்ணி குடிச்சுட்டு ஊட்டுக்குப் போம் பெரியவரேன்னுட்டான்.

என்னங்க? நீங்களும் சரசு மாதிரியே பாக்கறீங்களே.

ஆங், சொல்லிட்டாங்க, நம்ம வண்டிதான். நாலு பேரு வர்றாங்க இதுல, ஏஜெண்டு அனுப்பியிருக்கான். எறங்குன ஒடனே மொத சோலி கார்ட வாங்கறதுதானுங்க, பேரக்கூட அப்பறம் கேட்டுக்கலாம். இந்தத் தடவ பிஸ்கட் டப்பா இல்ல. பூட்டுப் போட்ட இரும்புப் பொட்டி. சாவி என்ற அரணாக்கொடியில. என்ற கார்டு மட்டும் என்ற கழுத்துல.

சரி, வர்றேனுங்க. பையப் பாத்துக்குங்க, இங்கெல்லாம் கைவரிசை எச்சு. ஒண்ணே ஒண்ணுதானுங்க எனக்கு இன்னிக்கு வரைக்கும் புடிபடல. அவன் சொன்னத உடுங்க, அத எப்படிச் சொன்னான்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்ல. அவன் பேசற தமிழே இல்லீங்க அது. திக்காம, தெணறாம, அச்சு அசலா எங்கூரு இழுப்புல, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, நம்ம ஆளு இல்லீங் சாருன்னு! பாவு, ஊடை, நாடா, அவன் பேசற ஒவ்வொரு வார்த்தையும் நான் சொல்லிக் குடுத்தது. இத அவனுக்கு எவன் சொல்லிக் குடுத்தானோ, அவன் வெளங்கவே மாட்டானுங்க.